நெடுங்கேணி வளவுகளின் பிராந்துகளும் ஆந்தைகளும்

நெடுங்கேணியைச் சுற்றியுள்ள வளவுகளில் பகலில் பிராந்து இனங்களும் இரவில் ஆந்தைகளும் ஏறக்குறைய ஒரே இரையைத் தேடி வருகின்றன. எலி, ஓணான், அரணை, தவளை, வெட்டுக்கிளி, பாம்பு ஆகியவையே அந்த இரை. எப்போதாவது ஒரு கோழிக்குஞ்சும் சேரும். வவுனியா வடக்கின் இந்தப் பகுதியில் வளவு வேலியைத் தாண்டினால் வயல், வயலைத் தாண்டினால் குளம், குளத்தின் அலைகரைக்கு அப்பால் பாலையும் முதிரையும் வீரையும் நிற்கும் காடு. காட்டில் கூடு கட்டுவதும், வயலில் எலி பிடிப்பதும், குளத்தில் மீன் தூக்குவதும் ஒரே முற்றத்தின் மேலால்தான் பறந்து போகின்றன. அதனால் நகரத்துத் தோட்டமொன்றில் இரண்டு மூன்று வகை வேட்டைப் பறவைகள் தென்படும் இடத்தில், இங்கே ஓர் ஆண்டுக்குள் பத்துக்கும் மேற்பட்ட வகைகளைக் காணலாம். காண்பதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. எந்த நேரத்தில், எந்த உயரத்தில், எந்தச் சத்தத்தைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

பகல் வேட்டைக்காரர்களில் வளவுக்கு மிக நெருங்கியது வல்லூறு. மாடப்புறாவின் அளவுதான், சுமார் 30 சென்ரிமீற்றர். ஆணின் முதுகு சாம்பல் நிறம், கண் சிவப்பு. பெண் சற்றுப் பெரியது, முதுகில் பழுப்புச் சாயல், கண் மஞ்சள். இரண்டுக்கும் நெஞ்சில் செம்பழுப்புக் குறுக்குக் கோடுகள் நெருக்கமாக ஓடும். இளம் பறவைக்குக் கோடுகளுக்குப் பதிலாகத் துளித்துளியான பழுப்புப் பொட்டுகள் இருக்கும். வெண்தொண்டையின் நடுவில் மேலிருந்து கீழாக இறங்கும் ஒற்றைக் கருங்கோடு எல்லா வயதிலும் காணப்படும் நல்ல அடையாளம். வல்லூறு வானத்தில் வட்டமிட்டுத் திரிவது குறைவு. வேம்பின் அல்லது முருங்கையின் உள்கொப்பில் அசையாமல் இருந்து, கீழே ஓணான் தலையாட்டியதும் சாய்ந்து விழும். ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது நிலத்தை ஒட்டிப் பறந்து, சில சிறகடிப்புகள், ஒரு சறுக்கல், மறுபடி சில சிறகடிப்புகள் என்று போய், கடைசியில் செங்குத்தாக மேலேறிக் கொப்பில் உட்காரும். ‘டீ-டூ’ என்று இரண்டு அசையில் திரும்பத் திரும்பக் கத்துவது மாசி, பங்குனி மாதங்களில் அதிகமாகக் கேட்கும். அது சோடி சேரும் காலம்.

அறிவியல் உலகம் வல்லூறை முதலில் அறிந்துகொண்டது இலங்கையிலிருந்துதான். 1752 முதல் 1757 வரை இங்கு ஒல்லாந்த ஆளுநராக இருந்த யோன் கிடெயோன் லோட்டன், பீற்றர் கோர்னேலிஸ் டி பெவெர் என்ற ஓவியரைக் கொண்டு இலங்கையின் பறவைகளையும் விலங்குகளையும் வரைவித்தார். அந்த ஓவியங்கள் ஐரோப்பாவுக்குப் போய், தோமஸ் பெனன்ற், பீற்றர் பிரவுன் போன்றோரின் நூல்களுக்கு ஆதாரமாயின. 1788இல் ஜேர்மானிய இயற்கையியலாளர் க்மெலின் வல்லூறுக்கும் மீன் ஆந்தைக்கும் அறிவியல் பெயர் சூட்டினார். அவற்றுக்கு முன்பே, 1769இல், பெனன்ற் கொம்புச் சிற்றாந்தையை விவரித்திருந்தார். இன்று நெடுங்கேணி வளவில் அன்றாடம் காணக்கூடிய மூன்று வேட்டைப் பறவைகள் இவ்வாறு இந்தத் தீவின் பறவைகளாகவே உலகுக்கு அறிமுகமாயின.

‘கோழி பிடிக்கிற பிராந்து’ என்று ஊரில் ஏசப்படுவது பெரும்பாலும் குடுமிக் கழுகு. ஆனால் அதே ஏச்சு பாம்புக் கழுகுக்கும் விழுகிறது, அது நியாயமில்லை. இரண்டும் ஏறத்தாழ ஒரே பருமன், இரண்டும் பழுப்பு, இரண்டுக்கும் கொண்டை உண்டு, இரண்டும் வயலோரப் பட்டமரத்தில் மணிக்கணக்கில் குந்தியிருக்கும். பிரித்தறியக் காலைப் பார்க்க வேண்டும். குடுமிக் கழுகின் கால் விரல் வரைக்கும் இறகால் மூடியிருக்கும். பாம்புக் கழுகின் கால் மொட்டை. மஞ்சள் நிறச் செதில்கள் வெளியே தெரியும். அந்தத் தடித்த செதில் பாம்பின் கடியைத் தாங்க உதவுகிறது. முகத்திலும் வேறுபாடு உண்டு. பாம்புக் கழுகின் அலகடியிலிருந்து கண் வரை இறகில்லாத மஞ்சள் தோல் பளிச்சென்று தெரியும். கறுப்பு வெள்ளைக் கொண்டை பிடரியில் விசிறிபோல் விரியும். குடுமிக் கழுகின் கொண்டை நீண்டு ஒடுங்கித் தலைக்கு மேலே நிமிர்ந்து நிற்கும். பறக்கும்போது பாம்புக் கழுகின் செட்டைக்குக் கீழே, பின்விளிம்பை ஒட்டி, அகன்ற வெள்ளைப் பட்டை ஒன்று ஓடுகிறது. வெயில் ஏறி நிலம் சூடாகும் முற்பகலில் அது உயரே வட்டமிட்டபடி நீட்டி விசிலடிப்பதுபோல் கத்தும். அந்தக் குரல் கேட்டதும் கோழிகள் பதுங்கினாலும், அது தேடுவது பாம்பையும் ஓணானையும் தவளையையும்தான்.

குடுமிக் கழுகு உண்மையாகவே கோழி தூக்கும். காட்டுக்கோழி, முயல், அணில், உடும்புக்குட்டி என்று பிடித்துப் பழகிய பறவைக்கு வளவில் திரியும் கோழிக்குஞ்சு எளிய இரை. தாய்க்கோழி ஒருவித நீண்ட குரலில் எச்சரித்ததும் குஞ்சுகள் ஓடி ஒளியச் செடி இருந்தால் பெரும்பாலும் தப்பிவிடும். பெருக்கித் துப்புரவாக்கிய வெறும் முற்றத்தில்தான் இழப்பு அதிகம். குஞ்சு பொரித்த முதல் சில வாரங்களுக்குக் கரப்பால் மூடி வைப்பதும், கிணற்றடியிலோ வேலியோரத்திலோ அடர்ந்த பற்றை ஒன்றை விட்டுவைப்பதும் கல்லெறிவதை விடப் பலன் தரும். எறிந்து துரத்திய கழுகு மறுநாளும் வரும். ஒளிய இடமுள்ள வளவில் தொடர்ந்து தோற்றால் அது வேறிடம் தேடும்.

மற்றப் பகல் பறவைகளை அவை திரியும் இடத்தைக் கொண்டே அறியலாம். அறுவடை முடிந்த வயலின் மேல் ஒரே இடத்தில் சிறகடித்து அந்தரத்தில் நிற்கும் வெண்சாம்பல் பறவை கருந்தோள் பருந்து; சிவந்த கண்ணும் தோளிலே கரும்பட்டையும் அதற்கு. குளத்தில் தண்ணீர் வற்றி மீன் தெரியும் காலத்தில் செங்கபில உடலும் வெண்தலையுமாகச் செம்பருந்து வரும். கரும்பருந்து யாழ்ப்பாணம், மன்னார் கரையோரங்களில் அதிகம், உள்நிலத்தில் அரிது. முத்தையன்கட்டு போன்ற பெரிய குளங்களில் சாம்பல்தலை மீன்கழுகும் வெண்வயிற்றுக் கடற்கழுகும் இருக்கின்றன. கடற்கழுகு செட்டை விரித்தால் ஏறக்குறைய 2 மீற்றர். நந்திக்கடல், கொக்கிளாய் பக்கமிருந்து குளங்களுக்கு வருவதும் போவதுமாக வளவுக்கு மேலே மிக உயரத்தில் கடந்துபோகும். தேன்கூட்டைக் கிழித்துப் புழுவைத் தின்னும் தேன் பருந்துக்கு உடலோடு ஒப்பிட்டால் தலை புறாவின் தலைபோல் சின்னது. ஐப்பசியில் மாரி தொடங்கும்போது வடக்கிலிருந்து வலசை வரும் பூனைப்பருந்துகள் வயல்வெளியில் தாழப் பறந்து, சித்திரைக்குள் திரும்பிவிடும். தமிழ்நாட்டு நூல்களில் படிக்கும் பிணந்தின்னிக் கழுகுகளை இங்கே தேட வேண்டாம். அவை இலங்கையில் கூடு கட்டி வாழ்வதில்லை.

ஆந்தைகளிலும் இப்படியொரு விடுபாடு உண்டு. தமிழ்நாட்டில் வீட்டுத் தோட்டத்தின் ஆந்தை என்றால் புள்ளி ஆந்தைதான். ஆனால் பாக்கு நீரிணையைத் தாண்டி அது வரவேயில்லை. அதன் இடத்தைக் கொம்புச் சிற்றாந்தையும் வேட்டைக்கார ஆந்தையும் இங்கே பங்கிட்டுக்கொள்கின்றன. கொம்புச் சிற்றாந்தை சுமார் 23 சென்ரிமீற்றர், மரப்பட்டையின் நிறம், காதுபோல் நிமிர்ந்த இரண்டு இறகுக் கொத்துகள். பகலில் கொப்போடு ஒட்டி, கண்ணைக் கீற்றாக்கி, உடலை நீட்டி ஒடுங்கி நிற்கும். ஒரு முழம் தள்ளி நின்று பார்த்தாலும் ஒடிந்த கொப்பின் அடி என்றே தோன்றும். இரவில் மெதுவாக, கேள்வி கேட்பதுபோல், ஒற்றை அசையில் ‘வட்’ என்று சொல்லும். சில விநாடி விட்டு மறுபடியும் அதே அசை. இப்படிப் பல நிமிடங்கள் தொடரும். பலர் அதைத் தவளை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

வேட்டைக்கார ஆந்தையின் உருவம் ஆந்தையைவிட வல்லூறைத்தான் ஒத்தது. நீண்ட வால், கூம்பிய செட்டை. தட்டையான முகவட்டம் கிடையாது. பெரிய மஞ்சள் கண்ணே அது ஆந்தை என்று காட்டிக்கொடுக்கும். பொழுதுபட்டதும் மின்கம்பத்திலோ பனை மட்டையிலோ வந்து அமர்ந்து, தெருவிளக்கைச் சுற்றும் வண்டுகளையும் விட்டிலையும் அந்தரத்தில் பிடிக்கும். அதன் ‘கூ-உக்’ என்ற இரட்டைக் குரலில் இரண்டாவது அசை மேலே ஏறும். மூன்றாவது சிற்றாந்தை ஒன்றும் உண்டு. உடம்பு முழுக்க நுண்ணிய குறுக்குக் கோடுகள் ஓடும் காட்டுச் சிற்றாந்தை அது, 20 சென்ரிமீற்றர் அளவு, பகலிலும் வேட்டையாடும். தொடக்கத்தில் விட்டுவிட்டு வரும் அதன் குரல் போகப்போக விரைந்து, ஒன்றோடொன்று தொடுத்து, பின் தேய்ந்து முடியும். காலை வெளிச்சத்தில் காட்டோர வளவுகளில் இதைக் கேட்கலாம்.

கூகைக்கு இதய வடிவ வெண்முகம், கருங்கண், வெளிர்ந்த வயிறு. அது கூவுவதில்லை; கரகரத்துக் கிறீச்சிடும். பொந்திலுள்ள குஞ்சுகள் பசித்தால் குறட்டைபோல் இழுத்துச் சீறும். கூரையற்ற கட்டடம், நெற்களஞ்சியம், கோயில் கோபுரம், பனம்பொந்து ஆகியவை அதன் உறைவிடங்கள். போரின்போது தலை முறிந்து நின்ற பனைகள் வன்னியில் ஏராளம். உள்ளே சோறு உக்கிப்போன அந்த அடிமரங்களில் கிளிகள் குடியேறின, மைனாக்கள் குடியேறின, ஆந்தைகளும் குடியேறின. மீளக்குடியமர்ந்த குடும்பங்கள் வளவு துப்புரவாக்கும்போது அந்த மரங்களே முதலில் தறிக்கப்படுகின்றன. வீட்டுக்கு மேல் விழும் ஆபத்துள்ளதைத் தறிக்கத்தான் வேண்டும். வேலியின் கோடியில் நிற்பதை விட்டுவைத்தால் பொந்தில் வாழும் பறவைகளுக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

குளக்கட்டில் நிற்கும் மருதமரங்கள் மீன் ஆந்தையின் இடம். அரை மீற்றருக்கு மேல் உயரமான இந்தப் பறவை இருட்டியதும் கட்டின் கல்லில் இறங்கி, மீனையும் நண்டையும் தவளையையும் பிடிக்கும். ‘பூம்… பூம்’ என்ற அதன் ஆழ்ந்த முழக்கம் வாய்க்கால் தாண்டி வளவு வரை கேட்கும். உள்காட்டில் இதைவிடப் பெரிய பேராந்தை ஒன்று உண்டு. அதன் வெண்வயிற்றில் கருந்திட்டுகள் இருக்கும். அதன் அலறலே சிங்கள மக்கள் ‘உலமா’ என்று அஞ்சும் பேய்க்குரல் என்று பலர் கருதுகிறார்கள். அது வளவுக்கு வருவது மிக அரிது.

கூகை இருட்டில் எலியைப் பிடிப்பது காதால். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ரொஜர் பேன், முழு இருளில் அடைத்த அறையில் காய்ந்த இலைகளுக்கிடையே எலியை விட்டு, கூகை ஒலியை மட்டும் நம்பி அதைப் பிடிக்கிறது என்று காட்டினார். அதன் இரண்டு காதுத் துளைகளும் ஒரே மட்டத்தில் இல்லை. ஒன்று மற்றதைவிட உயரம். வலமா இடமா என்பதை ஒலி வந்துசேரும் நேர வேறுபாடும், மேலா கீழா என்பதை ஒலியின் உரப்பு வேறுபாடும் சொல்கின்றன. 1978இல் மசகாசு கொனிஷியும் எரிக் நட்சனும் கூகையின் மூளையில், ஒலி வரும் திசைக்கேற்ப நரம்பணுக்கள் ஒரு வரைபடமாக அடுக்கப்பட்டிருப்பதைக் கண்டறிந்தனர். முகவட்டத்தின் விறைத்த இறகுகள் ஒலியைத் திரட்டிக் காதுக்கு அனுப்புகின்றன.

காது வேலை செய்ய வேண்டுமானால் செட்டை சத்தம் போடக்கூடாது. உதிர்ந்து கிடக்கும் கூகை இறகு ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், முன்விளிம்பில் மிக நெருக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய பற்கள் தெரியும். இந்தப் பல்வரிசை செட்டையின் வெளியோர இறகில்தான் உண்டு, உள்ளிறகில் இராது. பின்விளிம்பு நூல் பிரிந்த துணியோரம்போல் கிடக்கும். மேற்பரப்பைத் தடவினால் மெல்லிய வெல்வெற் படலம் விரலுக்குத் தட்டுப்படும். காற்று கிழிபடும் ஒலியை இந்த மூன்றும் சேர்ந்து அடக்குகின்றன. மீன் ஆந்தையின் இறகில் இந்தப் பற்கள் இல்லை. அது பறக்கும்போது செட்டைச் சத்தம் கேட்கும். தண்ணீருக்குள் இருக்கும் மீனுக்கு அந்தச் சத்தம் எட்டாது, ஆந்தைக்கும் மீனைக் காதால் தேடும் தேவையில்லை.

ஆந்தைக் கண் குழியில் இறுகப் பொருந்தியிருப்பதால் சுழலாது. அதற்கு ஈடாகக் கழுத்தில் 14 முள்ளெலும்புகள் இருக்கின்றன, மனிதருக்கு 7தான். தலையை 270 பாகை வரை திருப்ப முடிவது இதனால்தான்.

பகலில் ஆந்தையைத் தேடுவதற்குச் சிறந்த வழி, மற்றக் குருவிகள் அதைக் கண்டுபிடிக்கும் வரை காத்திருப்பது. காலையில் புளியமரத்தில் புலுனிக் கூட்டம் ஒரே இடத்தை நோக்கிக் கத்தத் தொடங்கும். அடுத்துக் கொண்டைக்குருவி வரும். கரிக்குருவி வந்து பாய்ந்து பாய்ந்து கொத்தும். அணில் வாலை உதறிக்கொண்டு விடாமல் கீச்சிடும். எல்லாத் தலைகளும் எந்தக் கொப்பை நோக்கித் திரும்பியிருக்கின்றனவோ அங்கே ஆந்தை இருக்கும், அல்லது மரமேறும் பாம்பு இருக்கும். பாம்பானால் கூச்சல் கொப்போடு நகர்ந்துகொண்டே போகும். ஆந்தையானால் ஓரிடத்தில் நிற்கும். வல்லூறு வந்தால் நடப்பது வேறு. கூச்சல் ஒரு கணம் எழுந்து, பின் வளவு முழுவதும் அமைதியாகிவிடும்.

இரண்டாவது தடயம் எச்சம். இலைமேலும் வேரடியிலும் சுண்ணாம்பு தெளித்ததுபோல் வெள்ளை படிந்திருந்தால் மேலே ஒரு தங்குமரம் உண்டு. அதன் கீழே பெருவிரல் அளவில், சாம்பலோ கறுப்போ நிறத்தில் உருண்டைகள் கிடக்கும். ஆந்தை இரையை முழுதாக விழுங்கி, செரிக்காத மயிரையும் எலும்பையும் இப்படித் திரட்டிக் கக்குகிறது. ஓர் உருண்டையைத் தண்ணீரில் ஊறவைத்து ஈர்க்கால் மெதுவாகப் பிரித்தால் உள்ளே மண்டையோடு உடையாமல் கிடைக்கும். முன்னால் இரண்டு நீண்ட செம்மஞ்சள் வெட்டுப்பற்கள், அதன்பின் வெற்றிடம், பிறகு கடைவாய்ப்பற்கள் என்றால் அது எலி. தாடை பெருத்து நீண்டிருந்தால் அகழான். இடைவெளியே இல்லாமல் ஊசிப்பற்கள் வரிசையாக, வெள்ளையாக இருந்தால் மூஞ்சூறு. வல்லூறும் கழுகும் கக்கும் உருண்டையில் எலும்பு அவ்வளவாக இராது; அவற்றின் இரைப்பை அமிலம் வலிமையானது, எலும்பையும் கரைத்துவிடும். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்க இதைவிட நல்ல உயிரியல் பாடம் எளிதில் அகப்படாது. உருண்டையைத் தொட்டபின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும்.

இரவில் பார்ப்பதற்குப் பொழுதுபட்ட முதல் ஒரு மணித்தியாலமும் விடியுமுன் ஒரு மணித்தியாலமும் உகந்தவை. முதலில் கேட்டு, திசையைக் குறித்து, பிறகே வெளிச்சம் போட வேண்டும். ரோச் லைற்றின் முகப்பில் சிவப்புத் தாள் ஒட்டிச் சில விநாடி மட்டும் காட்டினால் பறவை கலங்காது. வெள்ளொளியைக் கண்ணில் நேராகப் பாய்ச்சினால் அது சிறிது நேரம் வேட்டையாட முடியாமல் தடுமாறும். கைபேசியில் ஆந்தைக் குரலைப் போட்டு அழைப்பது கூடு கட்டும் காலத்தில் கெடுதல். தன் எல்லைக்குள் எதிரி வந்ததென்று நினைத்து, முட்டையை விட்டெழுந்து வரும். இரவில் கேட்பதெல்லாம் ஆந்தையுமல்ல. ஒழுங்கையில் குந்தியிருந்து வாகன வெளிச்சத்தில் சிவப்புக் கண் காட்டும் பக்கியும், வயலில் திடுக்கிட்டுக் கத்தும் ஆட்காட்டியும் அடிக்கடி ஆந்தையென்று எண்ணப்படுகின்றன.

ஊரில் ஆந்தை மீதுள்ள அச்சம் பழையது. சாக்குருவி கத்தினால் வீட்டில் சாவு விழும் என்பார்கள். கல்லெறிவார்கள், பொந்தை அடைப்பார்கள். நோயாளி இருக்கும் வீட்டில் விடியும் வரை விளக்கு எரியும், விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிற்றாந்தை வரும். சேமித்த நெல்லுக்கு எலி வரும், எலிக்குக் கூகை வரும். பறவை வந்ததற்கான காரணம் அவ்வளவே. மலேசியாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் கூகைக்கென்று மரப்பெட்டி செய்து கம்பத்தில் ஏற்றி வைக்கிறார்கள். அங்கு அதன் இரையில் 90 சதவீதத்துக்கும் மேல் எலிதான். காலபோக நெல்லை எலியிடம் இழக்கும் வன்னி விவசாயிக்குக் கூகையைத் துரத்துவது தன் கையால் தனக்கே செய்யும் கேடு.

கல்லைவிட ஆபத்தானது எலிப்பாசாணம். புரோடிஃபாக்கும், புரோமாடியோலோன் போன்ற, இரத்தம் உறையாமல் தடுக்கும் நஞ்சைத் தின்ற எலி உடனே சாகாது. சில நாட்கள் தள்ளாடித் திரியும். தள்ளாடும் எலியே கூகைக்கும் கருந்தோள் பருந்துக்கும் எளிதில் அகப்படும். நஞ்சு எலியின் ஈரலில் தங்கி, தின்ற பறவையின் ஈரலில் சேர்ந்து, கடைசியில் அதுவும் உள்ளுக்குள் இரத்தம் கசிந்து சாகும். வீட்டுக்குள் பொறி வைப்பதும், நெல் மூட்டையைத் தரையிலிருந்து உயர்த்தி அடுக்குவதும் இந்தச் சங்கிலியைத் தொடங்காமலே தடுக்கும். நஞ்சு வைத்தே ஆகவேண்டிய இடத்தில் செத்த எலிகளை ஒவ்வொரு காலையும் தேடி ஆழப் புதைக்க வேண்டும்.

மாசி முதல் வைகாசி வரை பஞ்சுபோன்ற ஆந்தைக்குஞ்சுகள் மரத்தடியில் காணப்படுவதுண்டு. பெரும்பாலானவை கைவிடப்பட்டவை அல்ல. பறக்கப் பழகுமுன் கொப்பில் ஏறியிறங்கும் பருவத்தில் தவறி விழுந்தவை; தாய் அருகிலேயே இருக்கும். நாய், பூனை எட்டாத கொப்பொன்றில் ஏற்றிவிட்டு விலகினால் இரவில் இரை கொண்டு வந்து ஊட்டும். சோறும் பாலும் கொடுக்கக் கூடாது. செட்டை முறிந்திருந்தால் காற்றுத் துளையிட்ட காட்போட் பெட்டியில் இருட்டாக வைத்து, வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் ஆந்தைகளுக்கும் பிராந்து இனங்களுக்கும் பாதுகாப்பளிக்கின்றன. அவற்றைக் கொல்வதும், பிடித்து வளர்ப்பதும், முட்டை எடுப்பதும் குற்றம்.